புதிதாகக் கட்டிய எடை குறைந்த கிட் காரைச் செப்பம் செய்யும் முறை

பாகங்களைச் சேர்த்து வீட்டிலேயே கட்டி முடித்த கிட் காரின் எஞ்சின் முதன்முதலாக உறுமி எழுந்த மறுநாளே மடிக்கணினியை இணைத்து, எரிபொருள் அளவைத் திருத்தி, இன்னும் இரண்டு மூன்று குதிரைத் திறனைக் கூட்டிவிட வேண்டும் என்ற ஆசை கட்டியவர் எல்லோருக்கும் வருகிறது. அந்த ஆசையைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். அறுநூறு கிலோகூட இல்லாத வண்டிக்குத் திறன் போதவில்லை என்ற குறை வருவதில்லை. அதை நேராக ஓடவும், பிரேக்கை மிதித்தால் கோணாமல் நிற்கவும், சித்திரை வெயிலில் கொதிக்காமல் இருக்கவும் பழக்குவதில்தான் மாதக்கணக்கான வேலை இருக்கிறது.

1957இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்ற சிறு கார், அதன் உரிமையை 1973இல் பெற்று இன்றும் அதையே செய்துவரும் கேட்டர்ஹாம், நம் நாட்டில் இசுசு எஞ்சினுடன் வந்த சின்காரா ரோட்ஸ்டர் ஆகியவற்றின் இலக்கணம் ஏறத்தாழ ஒன்றுதான்: குழாய்ச் சட்டகம், முன்னே எஞ்சின், பின்சக்கர இழுவை, இரண்டே இருக்கைகள். காரைக்குடியில் நான் கட்டிய வண்டியும் அந்த மரபில் வந்ததே. அதன் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரு பழைய மாருதி ஈக்கோவிலிருந்து எடுத்தவை. நீளவாக்கில் அமர்ந்த எஞ்சினும் பின்சக்கர இழுவையும் கொண்டு, எந்த ஊரிலும் உதிரி பாகம் கிடைக்கும் வண்டி அது என்பதால் அதைத் தேர்ந்தேன். இனி அதைத் தாய்வண்டி என்றே குறிப்பிடுகிறேன்.

தாய்வண்டியில் ஏழு பேர் ஏறினால் மொத்த எடை 1,400 கிலோவை எட்டும். என் வண்டியோ நான் ஏறி அமர்ந்த பிறகும் 640 கிலோதான். ஆகவே தாய்வண்டியின் கையேட்டிலிருந்து போல்ட் இறுக்க அளவுகளை எடுத்துக்கொள்ளலாமே தவிர, டயர் காற்றழுத்தம், சுருள்வில்லின் வலு, முன் பின் பிரேக் பங்கீடு ஆகியவற்றில் ஓர் எண்ணைக்கூட அப்படியே எடுத்தாளக் கூடாது. மேலும், எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஈக்கோவுக்கு ஒரு பயணி மட்டுமே. இந்த வண்டிக்கோ அவர் மொத்த எடையில் ஒன்பதில் ஒரு பங்கு. எஞ்சினைப் போலவே அவரும் வண்டியின் ஓர் உறுப்பு என்று கொண்டால்தான் பின்வரும் அளவுகள் பொருள்படும்.

சட்டம் குறித்தும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. புதிய மாதிரி வண்டி ஒன்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி உரிய சோதனை நிறுவனத்தில் தேற வேண்டும். வீட்டில் கட்டிய ஒற்றை வண்டிக்கு அது எளிதில் கைகூடுவதில்லை. எனவே பொதுச் சாலையை மறந்துவிட்டு, தனியார் நிலத்திலும் பந்தயத் தடத்திலும்தான் எல்லாச் சோதனைகளையும் வைத்துக்கொள்ள வேண்டும். உறவினர் ஒருவருடைய அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் எனக்குக் கிடைத்தது. அறுவடைக் காலம் தவிர மற்ற நாள்களில் அது வெறிச்சோடிக் கிடக்கும். வேகச் சோதனைக்கு வண்டியைச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுசெல்வேன். செட்டிநாட்டிலேயே இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அனுமதியின்றி அங்கே வண்டியை இறக்குவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

போல்ட்டும் கம்பியும்

வண்டி ஓர் அடி நகர்வதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும், இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, நட்டின் மீதிருந்து சட்டகத்தின் மீது ஓடுமாறு மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்துவிடும். முதல் 50 கிலோமீட்டரிலும், பிறகு 200, 500 கிலோமீட்டரிலும் இந்தக் கோடுகளைப் பார்வையிட வேண்டும். புதிதாகப் பூசிய பவுடர் கோட்டிங் போல்ட்டின் அடியில் நசுங்கி இறுக்கம் குறைவது வழக்கமானதே.

பலரும் தவறவிடும் ஒன்று, சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட். வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இவற்றை முழுவதும் இறுக்கினால், வண்டி தரையில் அமர்ந்ததும் புஷ்ஷுக்குள்ளிருக்கும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றுவிடும். அந்த முறுக்கு கூடுதலான ஒரு வில்லாக வேலை செய்து வண்டியின் உயரத்தைப் பொய்யாகக் காட்டுவதோடு, சில மாதங்களில் ரப்பரையும் கிழித்துவிடும். ஆகவே சக்கரங்கள் தரையில் இருக்க, ஓட்டுபவரின் எடையும் ஏறியிருக்க, வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதுதான் இறுதி இறுக்கம் தர வேண்டும்.

மின்சாரத்தில் பெரும்பாலான கோளாறு எர்த் இணைப்பில்தான் இருக்கும். பெயிண்டின் மேல் முடுக்கிய எர்த் இணைப்பு, இணைப்பே அன்று. என் வண்டியில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றியபோது பேட்டரியைக் குறை கூறி ஒரு வாரத்தை வீணாக்கினேன். பிறகு ஒரு நாள் கிளட்ச் கேபிளைத் தொட்டபோது அது சுட்டது. எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் நடுவே எர்த் பட்டையைப் போட நான் மறந்திருந்ததால், ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் முழுவதும் கிளட்ச் கேபிள் வழியாகவே திரும்பிக்கொண்டிருந்தது. எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரியின் எதிர்மின் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிடம் போதும்.

மட்டமும் தராசும்

இனி வருவதுதான் வேலையின் இதயம். நான்கு சக்கரங்களும் தாங்கும் எடையைத் தனித்தனியே அறிந்து சீராக்க, முதலில் மட்டமான தரை வேண்டும். எங்கள் வீடும் இந்தப் பக்கத்து வீடுகளைப் போலவே ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவது. வண்டியைக் கட்டியதும் பின் தெருவை ஒட்டிய பின்கட்டு முற்றத்தில்தான். எத்தனையோ ஆண்டுகளாக நடந்து பழகிய அந்த முற்றம் மட்டமானது என்று நம்பியே தராசுகளைப் பரப்பினேன். மூன்று முறை அளந்தும் மூன்று விதமான எண்கள் வரவே, தெரிந்த கொத்தனாரை அழைத்து மட்டக்குழாய் பிடிக்கச் சொன்னேன். “முத்தம்னா தண்ணி ஓடணும்ல தம்பி, மட்டமா இருந்தா கட்டுனவனையில்ல திட்டுவாங்க” என்றார். தரை நடுவாய்க்காலை நோக்கிச் சரிந்திருந்தது. மழைநீரை வீணாக்காத ஊரில் முற்றம் வேறு எப்படி இருக்கும்?

சரிவின் விளைவைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். என் வண்டியில் சக்கரத்தை ஒரு மில்லிமீட்டர் உயர்த்த ஏறத்தாழ 1.4 கிலோ விசை வேண்டும். அந்த வலுவில் ஒரு மூலை மட்டும் 10 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், ஒவ்வொரு சக்கரத்திலும் மூன்றரைக் கிலோ பிழை தோன்றி, எதிரெதிர் மூலைகளைக் குறுக்காகக் கூட்டிய இரு தொகைகளுக்கும் இடையே 14 கிலோ வேறுபாடு பொய்யாகத் தெரியும். எனவே சக்கரம் நிற்கும் நான்கு இடங்களையும் மட்டக்குழாயால் குறித்து, ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடுக்கி, ஒரு மில்லிமீட்டருக்குள் சமன் செய்துகொள்ள வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறதே என்று ஆத்தங்குடிக் கல்லை அடுக்கக் கூடாது. அது சிமெண்டில் வார்த்தது. விரிந்த தரையில் பதிந்தால் தலைமுறை தாங்கும், ஓரத்தில் மட்டும் சுமை ஏற்றினால் விண்டுபோகும்.

பந்தயக்காரர்கள் வைத்திருக்கும் விலையுயர்ந்த மூலைத்தராசு தேவையில்லை. 300 கிலோ வரை நிறுக்கும் டிஜிட்டல் மேடைத்தராசுகள் நான்கை அரிசி ஆலையிலும் இரும்புக் கடையிலும் இரவல் வாங்கலாம். ஒரே சிமெண்டு மூட்டையை நான்கிலும் மாறி மாறி வைத்து, அவை தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். லாரி எடைமேடை ஐந்து, பத்து கிலோக்களாகத் தாவும் என்பதால் இதற்கு உதவாது. டயரில் ஓடும் அழுத்தத்தில் காற்று, தொட்டியில் பாதி எரிபொருள், இருக்கையில் ஓட்டுபவர் என்று இருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். நாமே உள்ளே அமர்ந்தால் திருகுவதற்கு ஆள் இல்லை என்பதால், நான் இருக்கையில் 50 கிலோ அரிசியையும் கால் வைக்கும் இடத்தில் 20 கிலோ அரிசியையும் வைத்தேன். பார்க்க வந்த எதிர்வீட்டு ஆச்சி, “கதவும் கெடையாது, கூரையும் கெடையாது, அரிசி மட்டும் ஏத்தியிருக்கியேப்பா” என்று சிரித்துவிட்டுப் போனார்.

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் என்ற கம்பி இருந்தால் அதன் ஒரு முனையைக் கழற்றிவிட்டே அளக்க வேண்டும். எனக்கு முதலில் கிடைத்த எண்கள் இவை: முன் இடது 160, முன் வலது 150, பின் இடது 146, பின் வலது 184. முன் இடதையும் பின் வலதையும் கூட்டினால் 344. மற்றக் குறுக்கில் 296. இந்த நிலையில் வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது ஒரு குணமும் மறுபக்கம் திரும்பும்போது வேறு குணமும் காட்டும். பிரேக் மிதித்தால் சுமை குறைந்த முன் சக்கரம் முந்திக்கொண்டு பூட்டிக்கொள்ளும்.

ஒரு மூலையில் சுருள்வில் அமர்ந்திருக்கும் தட்டைத் திருகி உயர்த்தினால், அந்த மூலையிலும் அதற்குக் குறுக்கே உள்ள மூலையிலும் எடை கூடி, மற்ற இரண்டில் குறையும். முன்பக்க மொத்தமான 310 கிலோவும் இடப்பக்க மொத்தமான 306 கிலோவும் எவ்வளவு திருகினாலும் மாறா; அவற்றை மாற்ற பேட்டரியையோ எரிபொருள் தொட்டியையோதான் இடம் மாற்ற வேண்டும். ஆகவே நம் இலக்கு குறுக்குக் கூட்டுத்தொகைகளைச் சமமாக்குவது மட்டுமே. ஒரே மூலையில் எல்லாவற்றையும் திருகினால் வண்டியின் உயரம் கெடும் என்பதால், முன் வலதையும் பின் இடதையும் உயர்த்தி, மற்ற இரண்டையும் அதே அளவு தாழ்த்தினேன். சக்கரத்தில் அளந்தால் ஒவ்வொன்றிலும் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மாற்ற வேண்டியிருந்தது. முடிவில் முன் இடது 148, முன் வலது 162, பின் இடது 158, பின் வலது 172 என்று வந்து, இரு குறுக்கும் 320 ஆயின. ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, மேலிருந்து இருமுறை அமுக்கிவிட்டுத்தான் தராசைப் படிக்க வேண்டும். டயர் பக்கவாட்டில் இறுகி நின்றால் எண் பொய் சொல்லும்.

சக்கரக் கோணங்கள்

உயரம், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), காம்பர் (சக்கரத்தின் மேற்புறம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்), மூலை எடை, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்புறம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) என்ற வரிசை மாறக் கூடாது. முந்தையதைத் தொட்டால் பிந்தையது கலையும். பின் அச்சு சட்டகத்துக்கு நேராக இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். ஸ்டீயரிங் நேராக இருக்கையில் முன் சக்கரத்தின் மையமான ஹப்பிலிருந்து பின் ஹப் வரையுள்ள தூரம் இருபுறமும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும்.

காம்பரை அளக்கத் தூக்குக்குண்டே போதும். என்னுடையது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய பித்தளைக் குண்டு. அதன் நூலை ரிம்மின் அருகே தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள இடைவெளியை அளந்தால், 350 மில்லிமீட்டர் விட்டத்தில் 6 மில்லிமீட்டர் வேறுபாடு ஒரு டிகிரியைக் குறிக்கும். முன் சக்கரங்கள் மேற்புறம் உள்நோக்கிச் சாய்ந்து ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை இருப்பது நல்ல தொடக்கம். டோவுக்கு, வண்டியின் இருபுறமும் அதன் நடுக்கோட்டுக்கு இணையாகத் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் அளக்க வேண்டும். இரு சக்கரமும் சேர்த்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்நோக்கி இருந்தால் வண்டி நேராக ஓடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுத்தால், காரணம், ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் ராக்கின் உயரம். சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் மேலும் கீழும் 40 மில்லிமீட்டர் நகர்த்தி, டோ எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ராக்கின் அடியில் மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் அந்த மாற்றத்தைக் கூடியவரை குறைக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

பிரேக்

தாய்வண்டியின் பின் பிரேக் பயணிகளின் சுமையை எண்ணி அமைக்கப்பட்டது. அதைப் பாதி எடையுள்ள வண்டியில் போட்டால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி பம்பரமாகச் சுற்றும் ஆபத்து உண்டு. எப்போதும் முன் சக்கரங்களே முதலில் பூட்ட வேண்டும். புதிய பிரேக் பேடுகளைப் பழக்க, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்கு எட்டுப் பத்து முறை தொடர்ந்து குறைத்துவிட்டு, நடுவில் முழுவதும் நிறுத்தாமல், பிறகு மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். அதன்பின் களத்தில் நீர் தெளித்து, 30 கிலோமீட்டர் வேகத்தில் அழுந்த மிதிக்க, பாதுகாப்பான தூரத்தில் நிற்கும் ஒருவர் எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். பின்புறம் முந்தினால் பின் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வைப் பொருத்திக் குறைக்க வேண்டும். டாட் 4 வகை பிரேக் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். திறந்து வைத்த பழைய டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள்.

வெப்பம்

குளிர்நாட்டு வரைபடங்களில் காணும் சின்ன மூக்குத் துவாரத்துக்கு நம் மே மாதம் தெரியாது. ரேடியேட்டரைப் பெரிதாக்குவதற்கு முன், மூக்கில் நுழையும் காற்று ரேடியேட்டரின் ஓரங்களில் நழுவிப் போகாதபடி அலுமினியத் தகடும் ஸ்பாஞ்சும் வைத்து நான்கு புறமும் அடைக்க வேண்டும். உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். ரேடியேட்டர் எஞ்சினைவிடத் தாழ்ந்திருப்பதால் குழாய்களில் காற்று சிறைபடும். மூக்கை ஜாக்கியால் உயர்த்திக்கொண்டு கூலண்டை நிரப்புவதும், எல்லாவற்றுக்கும் மேலான இடத்தில் விரிவுத்தொட்டியை வைப்பதும் அதற்குத் தீர்வு. கலக்கும் நீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். எங்கள் ஊருணித் தண்ணீரின் சுவைக்கு ஈடில்லை. ஆனாலும் ரேடியேட்டருக்கு அது வேண்டாம், ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டவே வேண்டாம்.

களத்தில்

டயருக்குத் தொடக்கமாக 20 பி.எஸ்.ஐ. வையுங்கள், தாய்வண்டியின் முப்பதும் அதற்கு மேலும் இங்கே டயரின் நடுப்பகுதியை மட்டுமே தரையில் பதிக்கும். காலைக்கும் நண்பகலுக்கும் பத்து டிகிரி வேறுபட்டால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. கூடிவிடும் என்பதால், அளந்த நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். களத்தைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு 15 மீட்டர் ஆரத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் வரைந்து, மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டிச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8.7 விநாடி எடுத்தால் வேகம் 39 கிலோமீட்டர், பக்க விசை 0.8 ஜி, அதாவது வண்டியின் எடையில் 0.8 மடங்கு. இரு திசையிலும் நேரம் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் மூலை எடையைத் திரும்பவும் பார்க்க வேண்டும். வேகம் கூடக்கூட மூக்கு வட்டத்தைவிட்டு வெளியே போனால் முன் ஆன்டி ரோல் பாரைத் தளர்த்தலாம் அல்லது முன் காம்பரைச் சற்றுக் கூட்டலாம். வால் வெளியே வீசினால் பின்புறத்தின் இறுக்கத்தைக் குறைக்க வேண்டும். ஓட்டி முடித்த உடனே டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்றின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து எழுதுங்கள். நடு மட்டும் சூடானால் காற்று அதிகம். உள்விளிம்பு பத்து டிகிரிக்கு மேல் சூடானால் காம்பர் அதிகம்.

ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டி உருளையை ஒட்டித் தள்ளிவிட்டால், வண்டி எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அது காட்டிக்கொடுக்கும். ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மாற்றும் திருகை மிக மென்மையில் தொடங்கி, வண்டி மிதப்பது நிற்கும்வரை ஒவ்வொரு சொடுக்காகக் கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டுவது முதுகெலும்புக்குத்தான் கேடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால், எது உதவியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

எஞ்சின்

இப்போது மடிக்கணினியைத் திறக்கலாம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. தனியாகப் பொருத்தியது என்றால் முழு மிதியில் காற்று எரிபொருள் விகிதம் 12.5 முதல் 13 வரையிலும், சீரான ஓட்டத்தில் 14.7ஐ ஒட்டியும் இருக்கிறதா என்று அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சாரால் பாருங்கள். நீண்ட வளைவில் மட்டும் எஞ்சின் திணறினால் இ.சி.யு.வில் உள்ள எரிபொருள் அளவுப் பட்டியலைத் தொடாமல், தொட்டியில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்பு காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுத் தொட்டியின் இரும்புத் துகள் வடிகட்டியை அடைக்கும் என்பதால் முதல் 100 கிலோமீட்டரிலேயே அதை மாற்றிவிட வேண்டும்.

என் வண்டியில் விகிதம் சரியாகவே இருந்தது. ஆனால் காற்று வடிகட்டி ரேடியேட்டருக்கு நேர்பின்னே அமர்ந்து, வெளிக்காற்றைவிட 25 டிகிரி சூடான காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பத்து டிகிரிக்கு ஏறத்தாழ மூன்று விழுக்காடு வீதம் காற்றின் அடர்த்தி குறையும். பிளம்பிங் கடையில் வாங்கிய வளைகுழாய் ஒன்றால் வடிகட்டியை மூக்கின் பக்கவாட்டுத் துவாரத்துக்கு நகர்த்தியதும், முதல் நாள் ஆசைப்பட்ட அந்த இரண்டு மூன்று குதிரைத் திறன் வந்து சேர்ந்தது. அதன் பிறகு மடிக்கணினியில் நான் மாற்றியது, ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கும் வெப்பநிலையை மட்டுமே.